குச்சி நீட்டும் தூரம்

திஹாமாவின் குகையில் கால் வைக்க இடமில்லாத அளவுக்குப் பானைகள் இருந்தன. தனி ஆள், ஒரு வயிறு. வறுத்த பார்லி மாவைப் பாலில் குழைத்துக் குடிக்க ஒரு பானை போதும், மிஞ்சிப்போனால் இரண்டு. ஆனால் அவன் தூக்கத்தில் புரண்டு படுத்தால் ஒரு பானை உருண்டு இன்னொன்றின்மேல் இடிக்கும். அது மூன்றாவதை இடிக்கும். சத்தத்தில் எதிர்ச் சரிவில் இருக்கிற நாய்கள் எல்லாம் குரைக்கும். இத்தனையும் அவன் ஒரே ஆளிடம், ஒரே காரணத்துக்காக வாங்கியவை. அந்தக் காரணத்தின் பெயர் ஒர்ச்சேனா.

ஒர்ச்சேனா கடற்கரைக்கு மேலே இருக்கிற பாறை மேட்டில் பானைகளைப் பரப்பி வைத்திருப்பாள். மற்றவர்கள் வந்து எடுத்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, விலை பேசி, கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வருவார்கள். திஹாமாவுக்கு அந்தச் சுகமெல்லாம் கிடையாது. அவன் கசாப்புக்காரன். ஊருக்கு ஆடு அறுத்து, தோல் உரித்து, நெருப்பில் வாட்டுகிறவன். ஆட்டுக் கறியையும் தோலையும் தவிர, அவன் கை பட்ட பொருள் எதையும் வேறு யாரும் தொடமாட்டார்கள். அதனால் அவனிடம் நீளமாக ஒரு குச்சி உண்டு. எது வேண்டுமோ அதைத் தூரத்தில் நின்று குச்சியால் காட்டவேண்டும். காட்டிய பொருளைக் கடைக்காரர் ஒரு பாறைமேல் வைத்துவிட்டு விலகிப் போவார். இவன் பதிலுக்கு ஒரு ஆட்டுத்தோலை வைத்துவிட்டுப் பொருளை எடுத்துக்கொள்வான்.

"இதுவா?" என்பாள் ஒர்ச்சேனா.

குச்சி காற்றில் ஆடும்.

"இந்தச் சிவப்புக் கோடு போட்டதா?"

"அதுக்குப் பக்கத்துல."

"இதுவா?"

"அதுக்கும் பக்கத்துல."

"அதுக்குப் பக்கத்துல நான்தான் உக்காந்திருக்கேன்."

அன்றைக்குக் குச்சி அவன் கையிலிருந்து நழுவிப் பாறை இடுக்கில் விழுந்தது. அதை எடுப்பதற்குள் காது மடல் வரை சிவந்துவிட்டான். கடைசியில் எந்தப் பானையைக் காட்டினான் என்று அவனுக்கே தெரியாது. வீட்டுக்குப் போய்ப் பால் ஊற்றியபோது அது ஒழுகியது. அவனுடைய எல்லாப் பானைகளும் ஒழுகின. கசாப்புக்காரன் கை ராசி அப்படி என்று அவன் நினைத்துக்கொண்டான்.

இப்படியே கிழவனாகியிருப்பான். கடல் கடந்து காஸ்தில் நாட்டுக்காரர்கள் இந்தத் தீவுக்கு ஆள் பிடிக்க வந்ததால்தான் அவன் தலைவிதி திரும்பியது.

சென்ற அறுவடை முடிந்த சமயம் ஒரு படகு வந்தது. வழக்கம்போல மேய்ச்சலில் இருக்கிற பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய் எங்கேயோ விற்பதற்கு. வழக்கம்போல மலையிலிருந்து கல் பறந்தது. வந்தவர்கள் படகைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஓட்டத்தில் கொஞ்சம் பின்தங்கிய ஒருவன் மட்டும், இடுப்பளவு தண்ணீரில், "நில்லுங்க, நில்லுங்க" என்று தன் பாஷையில் கத்திக்கொண்டே நின்றுபோனான். அவன் பெயர் சுவேரோ. எலும்புக்கு மேலே தோலைப் போர்த்தி, தோலுக்கு மேலே இரும்புச் சட்டையைப் போர்த்திய மாதிரி இருந்தான்.

அவனை என்ன செய்வது என்று சபை கூடியது. கொன்றுவிடலாம் என்று சொன்னவர்களை அரசர் அடக்கினார். "கொல்றதெல்லாம் ஒரு தண்டனையா? ஒரு நொடியில முடிஞ்சுபோகும். இவன் நம்ம பிள்ளைங்களைப் பிடிக்க வந்தவன். ஆயுசுக்கும் அவமானப்படணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "கசாப்பு வேலை கொடுங்க" என்றார். தண்டனையின் கொடுமை தாங்காமல் இரண்டு மூன்று பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

தண்டனையைக் கைதிக்கு விளக்குகிற பொறுப்பு திஹாமாவிடம் வந்தது. ஆட்டைக் காட்டினான். கூரிய கல்லைக் காட்டினான். நெருப்பைக் காட்டினான். சூரியன் உதிப்பது போலவும் மறைவது போலவும் கையை வளைத்து, தினமும், தினமும் என்று காட்டினான். சுவேரோ ஆட்டையும் நெருப்பையும் மாறி மாறிப் பார்த்தான். தன் வாயைத் தொட்டு, இதில் எனக்கும் உண்டா என்று கேட்டான். உண்டு என்று திஹாமா தலையாட்டினான். உடனே அந்த மனிதன் மணலில் மண்டியிட்டு, வானத்தைப் பார்த்து, கண்ணீர் விட்டு அழுதான்.

"ஐயோ பாவம்" என்றார் அரசர். "கொஞ்சம் அதிகமாத்தான் போயிட்டோமோ?"

ஊருக்கு ஒரு கசாப்புக்காரன் போதும். ஆகவே பூசாரி திஹாமாவைக் கூப்பிட்டு, பத்தடி தள்ளி நிறுத்தி, விதியைச் சொன்னார். அடுத்த அறுவடைத் திருவிழா வரை அவன் கத்தியைத் தொடக்கூடாது, ரத்தத்தைத் தொடக்கூடாது, நெருப்பிலிருக்கிற கறியைத் தொடக்கூடாது. திருவிழாவன்று ஊர் முன்னால் நிறுத்தி, தொட்டதைப் பார்த்தவர் உண்டா என்று கேட்பார்கள். யாரும் இல்லையென்றால் கடலில் முக்கி எடுத்து ஊரோடு சேர்த்துக்கொள்வார்கள். அது வரை அந்தக் கைதி அந்த வேலையில் இருக்கவேண்டும். இடையில் அவன் செத்தாலோ, ஓடினாலோ, திஹாமா திரும்பவும் கத்தியை எடுக்கவேண்டியதுதான்.

"சாமி, அதுக்கப்புறம் நான் பானையைக் கையால எடுத்துப் பாக்கலாமா?"

"பானையா? பானை, பாய், எதை வேணாலும் தொடு. ஏன் பானைன்னு கேக்கற?"

"சும்மாதான் சாமி."

அதிலிருந்து திஹாமாவின் உலகத்தில் இரண்டே கவலைகள். ஒன்று, தன் கையை அடக்குவது. இன்னொன்று, சுவேரோவைச் சாகாமல், ஓடாமல் பார்த்துக்கொள்வது. இரண்டாவது சுலபமாக இருந்தது. சுவேரோவை விரட்டினால்கூட ஓடமாட்டான் போலிருந்தது. திஹாமா பாறைமேல் உட்கார்ந்துகொண்டு குச்சியால் இங்கே அறு, அங்கே இழு என்று காட்டுவான். அப்படியே பாஷையும் கற்றுக்கொடுத்தான். குளிர்காலம் போவதற்குள் சுவேரோ ஊர்க்காரர்களைப் போலவே பேசினான், திட்டினான்.

"எங்க ஊர்ல நான் பிரபு தெரியுமா?" என்றான் ஒரு நாள், விலா எலும்பை உறிஞ்சிக்கொண்டே.

"பிரபுவா? அப்புறம் ஏன்யா உடம்பு இப்படி இருந்துச்சு?"

"பிரபுன்னா வேலை செய்யக்கூடாது. செஞ்சா மானம் போயிடும். எங்க தாத்தா வேலை செய்யலை, எங்கப்பா செய்யலை, நானும் செய்யலை. மூணு தலைமுறையா மானத்தோட பட்டினி கிடக்கறோம்."

"எங்க பிரபுக்களும் அப்படித்தான்" என்றான் திஹாமா. "ஆனா சாப்பிடுவாங்க."

அது உண்மை. இந்த ஊரில் பிரபு என்றால் தோள் வரை முடி வளர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஆட்டை அறுப்பது, பால் கறப்பது, சமைப்பது, அது நடக்கிற இடத்துக்குப் போவது, எதுவும் ஆகாது. பார்த்தவர் ஒருவர் சாட்சி சொன்னால் போதும், சபையில் வைத்து முடியை ஒட்ட வெட்டிவிடுவார்கள். திஹாமா வாட்டிய காலத்தில் இந்தக் கட்டுப்பாடு யாருக்கும் கஷ்டமாக இல்லை. அவன் கறியைக் கரியாக்கித்தான் அனுப்புவான். சுவேரோவோ கடல் உப்பைத் தேய்த்தான். மலைச் சரிவில் மணக்கிற ஏதேதோ தழையைப் பறித்து ஆட்டின் வயிற்றில் அடைத்தான். கொழுப்பு சொட்டச் சொட்ட, தோல் மொறுமொறுவென்று வெடிக்க, பொறுமையாகச் சுற்றினான். காற்று ஊர்ப்பக்கம் வீசுகிற நாட்களில் பிரபுக்களின் ஆடுகள் வரிசையாகத் தொலைந்துபோக ஆரம்பித்தன.

முதலில் வந்தவர் சாம்பெனேதர். ஊரிலேயே நீளமான முடி அவருக்குத்தான். அதை அவர் தோளுக்கு முன்னால் எடுத்துவிட்டுக்கொண்டுதான் பேசவே ஆரம்பிப்பார்.

"என் ஆடு ஒண்ணு இந்தப் பக்கம் வந்துச்சா?" என்றார், திஹாமாவைப் பார்க்காமல், நெருப்பை மட்டும் பார்த்துக்கொண்டு.

"என்ன நிறங்க ஐயா?"

"நிறமா? ஆட்டு நிறம்தான்."

சுவேரோ ஒரு தொடையை இலையில் வைத்துப் பாறைமேல் வைத்தான். சாம்பெனேதர் தொலைந்த ஆட்டைப் பாறைக்குப் பின்னால் குனிந்து வெகுநேரம் தேடினார். மறுநாள் வேறொரு பிரபுவின் ஆடு தொலைந்தது. பிறகு பூசாரிக்கே ஆடு இருக்கிறது என்றும் அதுவும் தொலையும் என்றும் திஹாமாவுக்குத் தெரியவந்தது.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பார்லி முற்றி, திருவிழாவுக்கு முந்தின நாள், கடலில் பாய் தெரிந்தது.

இந்த முறை வந்தது பெரிய கப்பல். ஆள் பிடிக்க வரவில்லை என்று காட்ட வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். தலைவரின் பெயர் தோன் ஹிமேனோ. கழுத்தைச் சுற்றிச் சுருக்கம் வைத்த துணி, இடுப்பில் வாள், மூக்கு எப்போதும் அடுத்தவர் தலைக்கு மேலே. அரசருக்குத் தூண்டில்முள், கண்ணாடிமணி, ஒரு சிவப்புத் தொப்பி எல்லாம் அனுப்பினார். கூடவே ஒரு கடிதம், சுவேரோதான் படித்துச் சொன்னான்: தங்கள் ஆளைத் திருப்பித் தரவேண்டும், தங்கள் ராஜாவைப் பெரியவராக ஏற்றுக்கொள்ளவேண்டும். மறுநாள் கடற்கரையில் விருந்து வைத்துப் பேசிக்கொள்ளலாம்.

அரசர் தொப்பியைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் முகம் பார்த்தார். தொப்பி பொருத்தமாக இருந்தது. "ஆளைக் கேக்கறாங்க, கொடுத்துட்டாப் போச்சு" என்றார். "வருஷா வருஷம் கல்லெறிஞ்சு எனக்குத் தோள்பட்டை வலிக்குது."

செய்தி கேட்டதும் திஹாமா விழுந்தடித்துக்கொண்டு நெருப்பிடம் ஓடினான். சுவேரோ விருந்துக்கான ஆட்டுக்குட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"போயிடுவியா?"

"என்னைக் கேட்டா கொடுக்கறாங்க?"

"நாளைக்குச் சாயங்காலம்தான்யா என்னை நிறுத்திக் கேப்பாங்க! மத்தியானமே நீ கப்பல் ஏறிட்டா என் கதி? திரும்பக் கத்தி, திரும்பக் குச்சி!"

"திரும்பப் பானை" என்றான் சுவேரோ.

"கேலி பண்ணாத. உனக்குப் போக ஆசையா இருக்கா இல்லையா, அதைச் சொல்லு."

சுவேரோ கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "எங்க வீட்ல வெள்ளிக்கிழமை நோன்பு. சனிக்கிழமை ஒண்ணும் இருக்காது. ஞாயித்துக்கிழமை கிழங்கு. நீயே சொல்லு." பிறகு கப்பலைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். "அன்னிக்குப் படகைத் தள்ளுன்னு கத்தினது யாருன்னு நெனக்கற? இதே ஹிமேனோதான். திரும்பிக்கூடப் பாக்கலை. இப்ப ராஜாகிட்ட நல்ல பேர் வாங்கறதுக்கு வந்திருக்கான். ராஜாவுக்கு இவன்மேல தனிப் பிரியம். கறி வெட்டறதுல இவனை மிஞ்ச ஆள் கிடையாது."

திஹாமா காதைத் தேய்த்துக்கொண்டான். "என்ன வெட்டறதுல?"

"கறி. விருந்துல ராஜா முன்னால நின்னு வெட்டிக் கொடுக்கறது. வாட்டின மயிலை முள்கரண்டில குத்தி அந்தரத்துல பிடிச்சுக்கிட்டு, சரக் சரக்குன்னு. ஒரு துண்டு கீழ விழாது."

"எல்லாரும் பாக்கவா?"

"பாக்கத்தானே! கை தட்டுவாங்க. எங்க ஊர்ல பெரிய வீட்டுப் பிள்ளைங்களுக்குத்தான் அந்த வேலை கிடைக்கும்."

திஹாமா அதை மனசில் ஓட்டிப் பார்த்தான். ஒரு ராஜா, அவருக்கு எதிரே இடுப்பில் வாளோடு ஒரு பிரபு, நடுவில் கத்தி, சுற்றிலும் கை தட்டுகிற கூட்டம். அப்படிப்பட்ட ஊர் ஒன்று கடலுக்கு அந்தப் பக்கம் உண்மையிலேயே இருக்கிறது. அவனுக்கு அந்த ஊர்மேல் இரக்கமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அப்புறம், தலைக்குள் ஏதோ ஒன்று மெதுவாகப் புரண்டு படுத்து அடுத்ததை இடித்தது, அவன் குகைப் பானைகளைப் போல.

"சுவேரோ, நீ எப்பவும் பாறைக்குப் பின்னாலயே துண்டு போட்டுத்தானே சபைக்கு அனுப்புவ?"

"ஆமா. வெட்டறதைப் பிரபுக்கள் பாக்கக்கூடாதுல்ல."

"நாளைக்குத் துண்டு போடாத. முழுசா கொண்டுபோய் அந்தாளு முன்னால வை."

சுவேரோ அவனை முறைத்துப் பார்த்தான். பிறகு அவன் முகத்தில் சிரிப்பு, குட்டியின் மேல் கொழுப்பு இறங்குவது போல, நிதானமாக இறங்கியது.

மறுநாள் கடற்கரையில் ஊரே கூடியது. அரசர் சிவப்புத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். பிரபுக்கள் முடியை வாரி, கொழுப்புத் தடவிப் பளபளவென்று வந்திருந்தார்கள். ஒர்ச்சேனா மேட்டில் பானைகளுக்கு நடுவே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திஹாமா கூட்டத்துக்கு வெளியே, நெருப்பிருந்த பாறையோரம், வழக்கமான தூரத்தில் நின்றான்.

தோன் ஹிமேனோ ஒரு தோல் சுருளைப் பிரித்துப் படித்தார். படித்தார், படித்தார், படித்துக்கொண்டே இருந்தார். ஒரு கடற்பறவை வந்து உட்கார்ந்து, சலித்துப்போய்ப் பறந்து போனது. அவர் முடித்ததும் எல்லோரும் சுவேரோவைப் பார்த்தார்கள்.

"கடல், மலை, ஆடு, நீங்க, எல்லாமே எங்க ராஜாவோடதாம்" என்றான் சுவேரோ. "உங்களுக்கு இன்னிக்குத்தான் சொல்றாங்களாம்."

"அவர் எங்களைப் பாத்திருக்காரா?" என்றார் அரசர்.

"இல்லீங்க ராசா."

"பாக்காமலேயே இவ்வளவு பாசமா?"

"இந்தத் தீவுக்குக் கனாரியான்னு பேர் வச்சிருக்காங்களாம். நாய்த் தீவுன்னு அர்த்தம்."

"நம்மகிட்ட ஆடுதானே ஜாஸ்தி?" என்று அரசர் பூசாரியைக் கேட்டார். பூசாரிக்கும் அது புரியவில்லை. இருந்தாலும் அவர் எழுந்து நின்று, முறைப்படி கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டார். வந்திருப்பவர் பிரபுதானா? இவர் ஆட்டை அறுத்ததையோ, பால் கறந்ததையோ, பெண்களிடம் மரியாதை தவறியதையோ பார்த்தவர் உண்டா?

சுவேரோ மொழிபெயர்த்தான். ஆட்டைப் பற்றிக் கேட்டதும் தோன் ஹிமேனோவின் மூக்கு இன்னும் உயர்ந்தது. தன் ஜென்மத்தில் உயிருள்ள ஆட்டைத் தொட்டதில்லை என்றார். அவருடைய ஆட்கள் சிலுவை போட்டுச் சத்தியம் செய்தார்கள். பெண்கள் விஷயத்தில் மட்டும் ஒரு மாலுமிக்கு இருமல் வந்தது. பூசாரி அதைச் சளி என்று எடுத்துக்கொண்டார்.

"பிரபுதான்" என்று அறிவித்தார். "சாப்பாடு வரட்டும்."

பாறைக்குப் பின்னால் சுவேரோ ஓடி வந்து, குட்டி கோத்திருந்த மரக்கம்பை நெருப்பிலிருந்து தூக்கினான். முந்தின நாள் முழுக்க உப்பில் ஊறிய குட்டி, பொன் நிறத்தில், நல்ல கனம். திஹாமா அவனுக்கு முன்னே பின்னே ஓடி, பார்த்து, பார்த்து என்று சொல்லிக்கொண்டிருந்தான். மணலில் சிந்தியிருந்த கொழுப்பில் சுவேரோவின் கால் வழுக்கியது. கம்பு சாய்ந்தது. குட்டி சரிந்தது. திஹாமா யோசிக்கவே இல்லை. பழகிய கை தானாக நீண்டு, சுடச்சுட அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துத் திரும்பக் கம்பில் ஏற்றிவிட்டது.

அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தான். எதிரே, தொலைந்த ஆட்டைத் தேடிக்கொண்டு, வாய் நிறைய ஈரலோடு சாம்பெனேதர் நின்றிருந்தார்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாம்பெனேதர் ஈரலை விழுங்கிவிட்டு, முடியைத் தோளுக்கு முன்னால் எடுத்துவிட்டுக்கொண்டே நேராகச் சபைக்கு நடந்தார். திஹாமா நெஞ்சில் ஒட்டிய கொழுப்பை அவசரமாக மணலால் தேய்த்தான்.

குட்டி முழுசாக வந்து பாறையில் இறங்கியது. துண்டு போடாத கறியைப் பார்த்துச் சபையில் சின்னச் சலசலப்பு. தோன் ஹிமேனோ அதைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. இந்தக் காட்டு மனிதர்கள் தன் புகழைக் கேள்விப்பட்டுத்தான் இப்படி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்கவேண்டும். எழுந்து நின்றார். கைச்சட்டையின் சுருக்கங்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டார். இடுப்பிலிருந்து மெல்லிய கத்தி ஒன்றையும் இரட்டை முள்கரண்டி ஒன்றையும் எடுத்தார். அரசரைப் பார்த்து மார்பில் கை வைத்துக் குனிந்தார். பின்தொடையை முள்ளில் குத்தி, முறுக்கிப் பிரித்து, அந்தரத்தில் தூக்கிப் பிடித்து, வெட்டினார்.

சரக், சரக், சரக். துண்டுகள் இலைபோல மெல்லியதாக விழுந்து, விசிறி விரித்த மாதிரி அரசர் முன்னால் வரிசையாக அடுக்கிக்கொண்டன.

கடற்கரை மொத்தமும் மூச்சை நிறுத்தியது. தாய்மார்கள் குழந்தைகளின் கண்ணைப் பொத்தினார்கள். பிரபுக்கள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள். தோன் ஹிமேனோ இந்த மௌனத்தை வியப்பு என்று எடுத்துக்கொண்டார். அதனால் அடுத்த தொடையைக் கையை முதுகுப்பக்கம் கொண்டுபோய் வெட்டிக் காட்டினார்.

அரசர் தலையிலிருந்து சிவப்புத் தொப்பியைக் கழற்றி, தரையில் வைத்து, காலால் மெதுவாகத் தள்ளிவிட்டார்.

"சுவேரோ. உங்க ராஜா வீட்ல இவருக்கு என்ன வேலை?"

"கறி வெட்டறதுங்க ராசா. ரொம்பப் பெரிய பதவி. இவங்கப்பாவும் அதேதான்."

"அப்பாவுமா?"

"தாத்தாவும்."

அரசரின் முகத்தில் கோபம் இல்லை. ஆழ்ந்த துயரம்தான் இருந்தது. "அங்க பேச அனுப்பறதுக்கு வேற ஆளே கிடைக்கலை பாரு" என்றார் பூசாரியிடம். "கசாப்புக்காரனைப் பிரபுன்னு வச்சுக்கிட்டு அந்த ராஜா என்ன பாடு படறாரோ. நாம இவங்களோட ஒட்டும் வேண்டாம், உறவும் வேண்டாம். ஆளையும் கொடுக்கறதுக்கில்ல. கசாப்புக்காரன் கேட்டுச் சபை எதையும் கொடுக்கிற வழக்கம் கிடையாது." பிறகு, வந்த விருந்தாளியை ஒரேயடியாக நோகடிக்க வேண்டாம் என்று, "ஏதாவது வேணும்னா தூரத்துல நின்னு குச்சியால காட்டச் சொல்லு" என்று சேர்த்தார்.

சுவேரோ தோன் ஹிமேனோ பக்கம் திரும்பினான். அவன் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. "எது வேண்டுமோ அதைச் சுட்டிக் காட்டலாம் என்கிறார்கள்" என்று மட்டும் அவர் பாஷையில் சொன்னான்.

தோன் ஹிமேனோவுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு சுலபமாக ஒரு தீவு தன் ராஜாவின் காலில் விழும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வாளை உருவினார். கடலை ஒட்டியிருந்த பாறையில் ஏறி நின்றார். வாளை நீட்டி மலையைச் சுட்டினார். பள்ளத்தாக்கைச் சுட்டினார். பேரீச்ச மரங்கள், பார்லி வயல், ஆட்டு மந்தை, சபை, அரசர், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சுட்டி, ஒவ்வொன்றுக்கும் தன் ராஜாவின் பெயரைச் சத்தமாகச் சொன்னார்.

"பரவால்ல, சொன்னதும் புரிஞ்சுக்கிட்டான்" என்றார் அரசர். "குச்சியும் கையோட கொண்டாந்திருக்கான்."

"இவ்வளவும் கேக்கறானே ராசா" என்றார் பூசாரி.

"பேராசை. ஒரு பானை கொடுத்தனுப்புங்க."

ஒர்ச்சேனா ஒரு பானையைக் கொண்டுவந்து பாறைமேல் வைத்துவிட்டு விலகி நின்றாள். தோன் ஹிமேனோ முதல் கப்பத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். வாள் சுட்டிய இடங்களை ஒர்ச்சேனா மட்டும் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்; மலை, பள்ளத்தாக்கு, வயல். பிறகு தலையைச் சிலுப்பிக்கொண்டு மேட்டுக்குப் போனாள்.

சுவேரோவைக் கப்பலுக்கு வரச் சொன்னார்கள். "என்னை இங்கேயே இருக்கச் சொல்கிறார்கள் ஐயா" என்றான் அவன், பணிவாக. "என்னை வேலையை விட்டு அனுப்பமாட்டோம் என்கிறார்கள்." அதுவும் உண்மைதான். தோன் ஹிமேனோ கொஞ்சம் யோசித்துவிட்டு, பிடிபட்ட நாட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று முடிவு செய்து, அங்கேயே அவனைத் தீவின் ஆளுநராக நியமித்தார். சுவேரோ மண்டியிட்டு நியமனத்தை ஏற்றுக்கொண்டான். ஒரு கையில் இன்னும் மரக்கம்பு இருந்தது.

படகு கிளம்பியது. இரண்டு தரப்பும் வெகுநேரம் கையசைத்துக்கொண்டார்கள்.

வெயில் சாய்ந்ததும் பூசாரி திஹாமாவைச் சபைக்கு எதிரே நிறுத்தினார்.

"இவன் போன அறுவடையிலிருந்து கத்தியையோ, ரத்தத்தையோ, நெருப்புக் கறியையோ தொட்டதைப் பார்த்தவர் உண்டா?"

திஹாமாவின் நெஞ்சில், குட்டியை அணைத்துப் பிடித்த இடம், இன்னும் சுட்டது. அவன் மேட்டைப் பார்த்தான். ஒர்ச்சேனா எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"நான் பார்த்தேன்" என்றார் சாம்பெனேதர். முடி தோளுக்கு முன்னால் வந்தது. "இன்னிக்கு மத்தியானம். கம்புல இருந்த குட்டியைக் கட்டிப் பிடிச்சான். இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன்."

சபை ஓவென்றது. பூசாரி கையை உயர்த்தினார்.

"எங்க வச்சுப் பார்த்தீங்க?"

"பாறைக்குப் பின்னால. நெருப்புகிட்ட."

"நெருப்புகிட்டயா?" பூசாரியின் குரல் மெதுவாக இருந்தது. "கசாப்பு நடக்கற இடத்துல?"

சாம்பெனேதர் வாயைத் திறந்தார். வாயோரத்தில் ஈரல் பொருக்கு ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. "என்... என் ஆடு ஒண்ணு..."

"ஆட்டைத் தேடி அங்க போனீங்க. சரி. தனியாவா? இல்ல வேற யாராவது பிரபுக்களும் அங்க ஆடு தேடறது உண்டா? சபைக்குச் சொல்லிடுங்க, எல்லாரையும் விசாரிச்சுடலாம்."

பிரபுக்கள் வரிசை மொத்தமும் வானத்தைப் பார்த்தது. வானத்தில் ஒன்றும் இல்லை. பூசாரியும் ஒரு கணம் வானத்தைப் பார்த்தார். அவர் நெற்றியில் வியர்வை. முடி வெட்டுகிற கூரிய கல் அவர் பக்கத்தில், துணியில் சுற்றி, தயாராக இருந்தது. சாம்பெனேதர் அந்தக் கல்லைப் பார்த்தார். தன் முடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வெயில்" என்றார். "இன்னிக்குக் கடுமையான வெயில். கண்ணு கூசிருச்சு. நான் பார்த்தது திஹாமாவே இல்லை. புதரா இருக்கும்."

"புதர்தான்" என்றார் பின்னாலிருந்து ஒரு பிரபு, அவசரமாக.

"பெரிய புதர்" என்றார் இன்னொருவர்.

"பார்த்தவர் யாரும் இல்லை!" என்று பூசாரி கத்திவிட்டு, யாரும் மறுபடி வாயைத் திறப்பதற்குள் திஹாமாவின் கழுத்தைப் பிடித்துக் கடலில் முக்கினார். அவன் மூச்சு முட்டி மேலே வந்தபோது, வாழ்நாளில் முதல்முறையாக யாரோ முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். திரும்பிப் பார்த்தான். அரசர்.

தண்ணீர் சொட்டச் சொட்ட மேட்டில் ஏறினான். குச்சி நீட்டுகிற தூரம் வந்ததும் கால் தானாக நின்றது. ஒர்ச்சேனா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அங்கேயே நின்னுட்டா எப்படி? வா."

வந்தான். குனிந்து, சிவப்புக் கோடு போட்ட பானையை இரண்டு கையாலும் எடுத்தான். எடுத்ததைத் திருப்பிப் பார்த்தான். அடியில், தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், மயிரிழை போல ஒரு விரிசல். அடுத்ததை எடுத்தான். அதிலும் விரிசல். முன்வரிசை முழுக்க அப்படித்தான்.

"என் வீட்ல இருக்கற எல்லாப் பானையும் ஒழுகுது" என்றான் மெதுவாக.

"தெரியும். நீ வர்ற நாள்ல உடைஞ்சதைத்தான் முன்னால வைப்பேன்."

"ஏன்?"

"ஒழுகாத பானையைக் கொடுத்தா நீ மறுநாள் எதுக்கு வருவ?"

திஹாமா அந்த விரிசலை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தான். பானையைக் கீழே வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்தில், அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் நகரவில்லை. "கப்பல்காரனுக்குக் கொடுத்த பானையும் ஒழுகுமா?" என்றான்.

"அது ரொம்ப மோசம். தண்ணி ஊத்தினா அடி கழண்டுடும்."

கீழே கடலில் பாய் சின்னதாகிக்கொண்டிருந்தது. திருவிழா மேளம் தொடங்கியிருந்தது. சரிவில் யாரோ ஏறி வருகிற சத்தம். தீவின் ஆளுநர் சுவேரோ, திஹாமாவின் பழைய குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு, வழக்கமான தூரத்தில் வந்து நின்றான்.

"உப்பு போட்டு வைக்க ஒரு பானை வேணும்" என்றான், குச்சியை நீட்டி. "அதோ, அது."

"இதுவா?" என்றாள் ஒர்ச்சேனா.

"அதுக்குப் பக்கத்துல."

"இதுவா?"

"அதுக்கும் பக்கத்துல."

"அதுக்குப் பக்கத்துல நான் உக்காந்திருக்கேன்" என்றான் திஹாமா.